வைர வியாபாரி பார்த்த தண்ணீர்

பழவேற்காட்டுக்கு டூர் போகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பவை மூன்று. ஏரி, பூநாரை, டச்சுக்காரர்களின் கல்லறை. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால், மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

ஆனால், இந்த மீனவக் கரைக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வர ஆரம்பித்து 500 வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிலர் பார்த்ததை எழுதியும் வைத்தார்கள். அவற்றைப் படித்தால், ஊரைப் பற்றித் தெரிவதைவிட வந்தவர் எதற்காக வந்தார் என்பதுதான் அதிகம் தெரியும்!

1516 வாக்கில் எழுதிய போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசாவின் கண்ணில் பட்டது கடைத்தெரு. பர்மாவின் பெகுவிலிருந்து வந்த மாணிக்கம், கஸ்தூரி, வண்ண வண்ணத் துணிகள்... துணி விஷயத்தில் அவர் கண் தப்பவில்லை. இங்கிருந்து கிளம்பிய கைக்குட்டை கடல் கடல்களாகத் தாண்டியது. மெக்ஸிகோவில் கழுத்தில் கட்டிக்கொள்ளும் பூப்போட்ட கைக்குட்டைக்கு இன்றைக்கும் 'பாலியாகாத்தே' என்றுதான் பெயர். ஐரோப்பியர் வாயில் புகுந்து வந்த நம்ம பழவேற்காடுதான் அது!

அடுத்து டச்சுக்காரர்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். 1652-ல் இங்கே வந்தார் பிரெஞ்சு வைர வியாபாரி தவேர்னியே. பிற்பாடு 'ஹோப் வைரம்' என்று பேர் வாங்கிய நீலக்கல்லின் மூலக்கல்லை இந்தியாவிலிருந்து கொண்டுபோய், பதினான்காம் லூயி மன்னருக்கு விற்ற அதே ஆசாமி!

கோட்டையைப் பற்றி எழுதியவர், கூடவே ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். கடல் உள்வாங்கியதும் ஊர்க்காரர்கள் கரைக்குப் போய், அலைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே மணலைத் தோண்டிக் குடிதண்ணீர் எடுக்கிறார்களாம். தண்ணீரும் அருமையான ருசியாம்!

இதில் மாயமில்லை. மணலில் இறங்கிய மழைத்தண்ணீர், கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கி நிற்கும். எங்கே தோண்டணும், எவ்வளவு ஆழம் தோண்டணும் என்பது கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கோட்டையும் வைரமும் பார்க்க வந்த கண், ஒரு நிமிஷம் ஊர் ஜனங்களின் கையைப் பார்த்திருக்கிறது.

அந்த ஜனங்களுக்கு என்ன ஆச்சு? தவேர்னியே வருவதற்குச் சில வருஷம் முன்பு, 1640-களின் நடுவில், சோழமண்டலக் கரையைப் பஞ்சம் உலுக்கியது. சோறு இல்லாமல் பெற்ற பிள்ளையை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டார்கள். அந்த நூற்றாண்டில், டச்சுக் கப்பல்கள் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான பேரை அடிமைகளாக ஏற்றிப் போயின. பலர் போய்ச் சேர்ந்த இடம் இன்றைய ஜகார்த்தாவான படேவியா. ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்த பாண்டா தீவுகளுக்கும் சிலர் போனார்கள்.

கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கின்றன. போகிறவர்கள் அதைத்தான் முதலில் போட்டோ எடுக்கிறார்கள். உள்ளே கனத்த கருங்கல் பலகைகள். அழகான எழுத்தில் டச்சுப் பெயர்கள், பிறந்த ஊர், இறந்த தேதி. ஆனால், கப்பலேறிப் போன நம்மவர்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை.

1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கெல்ட்ரியா இன்று முள்காடு மூடிய மேடு. மீனவர்கள் மட்டும் அதே ஏரியில் வலை வீசுகிறார்கள்.

அடுத்த தடவை அங்கே போனால், போட்டோ எடுத்து முடித்ததும் குப்பத்துப் பெரியவர் யாரிடமாவது கொஞ்ச நேரம் பேசுங்கள். 'அந்தக் காலத்தில் குடிக்கிற தண்ணிக்கு எங்கே தோண்டுவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள்.