ஊர்ப் பதிவேடும் குடிவழியும்

மன்னர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு, கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு. இராசராசன் யார் மகன், அவன் மகன் யார் என்று வினவினால் பள்ளிப் பிள்ளையும் விடை பகரும். அவன் காலத்தே ஏர் பிடித்த உழவன் ஒருவனுடைய பேரன் பெயர் யாது என்று வினவினால் நாடே வாய்மூடி நிற்கும். அவ்வளவு தொலைவு போவானேன்? திலக் நகரிலும் தாராவியிலும் மாதுங்காவிலும் வாழும் நம்மவருள் பாட்டனார் பெயரை அறியாதார் இலர். பாட்டனாரைப் பெற்றவர் பெயரை அறிந்தார் சிலர். அதற்கும் அப்பால் ஒரு தலைமுறை சொல்ல வல்லாரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலோ நிலைமை வேறு. அங்கே ஒரு சிற்றூரில் கூலிக்கு உழுதவனின் குடிவழியை, அவன் தன் பெயரை எழுதவும் அறியாதவனாயினும், பல இடங்களில் பதினாறாம் நூற்றாண்டு வரை பின்தொடர்ந்து காண இயலும். அவர்கள் நம்மினும் முன்னோர்பால் பற்று மிக்கவர் என்பதன்று காரணம். எழுதியே தீரவேண்டும் என்ற கட்டளை ஒன்று இருந்தது, அவ்வளவே.

எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-ஆம் ஆண்டில் அக்கட்டளையைப் பிறப்பித்தார். நம் திருநெல்வேலிச் சீமையார் சேகரம் என வழங்கும் திருச்சபைப் பிரிவு ஒவ்வொன்றும் ஒரு புத்தகம் வைத்தல் வேண்டும். ஞாயிறுதோறும் அவ்வாரத்து ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் குருவானவர் அதில் எழுதுதல் வேண்டும். இரண்டு பூட்டுகள் உள்ள பெட்டியில் அதனைக் காத்தல் வேண்டும். தவறினால் தண்டம் இறுத்தல் வேண்டும். மக்கள் இதனை மகிழ்ந்து ஏற்றனரல்லர். பிறப்புக்கும் இறப்புக்கும் வரி போடுவதற்கே இவ்வேற்பாடு என்று முணுமுணுத்தனர். அவ்வச்சம் முற்றும் பொய்யுமன்று. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பிரான்சுடன் நடந்த போருக்குப் பொருள் தேடி, 1695 முதல் பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின்மேல் வரி விதிக்கத்தான் செய்தனர்.

1598 முதல் தாளை விடுத்துத் தோலில் எழுதுமாறும், பழைய பதிவுகளைப் பெயர்த்தெழுதுமாறும், ஆண்டுதோறும் ஒரு படியை அத்தியட்சருக்கு அனுப்புமாறும் விதி ஏற்பட்டது. பழையவற்றைப் பெயர்க்கும்போது எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதல் எழுதினாலும் போதும் என்று ஒரு சலுகை இருந்தது. எழுத்தர்க்கு இதனினும் இனிய சொல் உண்டோ! இதனால் பல ஊர்களின் பதிவு 1558-இலேயே தொடங்குகிறது. முதல் இருபது ஆண்டுகள் எழுத்தரின் சோம்பலுக்கு இரையாயின. 1754 முதல் விவாகத்திற்கும், 1813 முதல் ஞானஸ்நானம், அடக்கம் இரண்டிற்கும் அச்சிட்ட படிவங்கள் வந்தன. 1837-இல் அரசாங்கமே பதிவு வேலையை மேற்கொண்டது.

இப்பதிவுகளைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு டெவன் மாவட்டத்துக் கோலிடன் என்னும் ஊர் சிறந்த சான்று. அவ்வூர்ப் பதிவு 1538 முதலே கிடைக்கிறது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரிக்லி என்பார் அதனை ஆராய்ந்து 1966-இல் முடிவுகளை வெளியிட்டார். முறை எளியது, உழைப்போ பெரிது. ஒவ்வொரு ஞானஸ்நானத்திற்கும் ஒரு துண்டுத் தாள், ஒவ்வொரு விவாகத்திற்கும் ஒன்று, ஒவ்வோர் அடக்கத்திற்கும் ஒன்று என எழுதிக்கொண்டு, பெயரோடு பெயர் பொருத்திக் குடும்பம் குடும்பமாக அடுக்க வேண்டும். அடுக்கியபின் இறந்தோர் எழுந்து பேசுகின்றனர். 1645, 46-ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் அவ்வூரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் கொண்டுபோயிற்று என்பதும், அதற்குப் பிந்திய இரண்டு தலைமுறைகளில் பெண்கள் ஏறத்தாழ முப்பது வயதில்தான் மணம் புரிந்தனர் என்பதும் இவ்வாறே வெளிப்பட்டன. எந்த அரசவைப் புலவனும் பாடாத செய்திகள் இவை. பின்னர் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 404 சேகரங்களின் பதிவைத் திரட்டி, அந்நாட்டு மக்கள்தொகை வரலாற்றையே 1981-இல் எழுதி முடித்தனர்.

அடுக்கும்போது ஒரு வகைத் தாள்கள் மட்டும் தனியே மிஞ்சும். ஞானஸ்நானம் இருக்கும், விவாகம் இராது, அடக்கமும் இராது. புத்தகத்தில் பிறந்து, புத்தகத்தில் மணம் முடிக்காமலும் மண்ணுள் செல்லாமலும் மறைந்தவர்கள்! இவர்கள் யாவர்? பெரும்பாலும் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்கள். ஊர்ப் பதிவேடு ஊரில் இருந்தவனுக்கே உரியது. புறப்பட்டவனை அது அடுத்த ஞாயிறே மறந்துவிடுகிறது. நம்மனோர்க்கு உரிய இடம் இங்கேதான் இருக்கிறது.

புறப்பட்டவனை மீட்டுத் தருவது வேறொரு தாள். 1662-இல் இயற்றப்பட்ட குடியமர்வுச் சட்டத்தின்படி, புதிதாக ஓர் ஊருக்கு வந்த ஏழையை நாற்பது நாளுக்குள் முறையிட்டு அவன் சொந்த ஊருக்கே துரத்திவிடலாம். ஆதலின் 1697 முதல், இன்னான் எங்கள் ஊரான், இவன் வறுமையுற்றால் நாங்களே ஏற்போம் என்று சொந்தச் சேகரத்தார் எழுதிக் கொடுத்த சான்றோடு கூலியாட்கள் பயணம் செய்தனர். சான்றில்லாதவனை நீதிபதிகள் நிறுத்தி வைத்து, எங்கே பிறந்தாய், எவரிடம் தொழில் பயின்றாய், எந்த ஊரில் ஓராண்டு முழுதும் வேலை செய்தாய் என்று கேட்டு எழுதினர். இரக்கமற்ற சட்டமே, ஐயமில்லை. எனினும் போன ஊர், வந்த ஊர் இரண்டையும் ஒரே தாளில் எழுதிவைத்தமையால், அறுந்த நூலை முடிச்சிட இன்று அதுவே உதவுகிறது. தாராவி வாழ்நர்க்கு இஃது அயலான கதையன்று. மறுகட்டமைப்பில் வீடு பெறும் தகுதிக்கு 2000 ஜனவரி 1-க்கு முன்னரே குடியிருந்தமையைக் காட்டும் தாளைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்தவர் எத்தனை பேர்!

ஆங்கிலேயரின் இப்புத்தகம் கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4-இல், எலிஹு யேல் என்பாருக்கு அங்கே திருமணம் நடந்தது. ராபர்ட் கிளைவின் திருமணமும் அவ்வாலயத்தில்தான், 1753 பிப்ரவரியில் நிகழ்ந்தது. ஷ்ராப்ஷயர் நாட்டுப்புறத்தில் 1725-இல் பிறந்து, 1774-இல் மோர்ட்டன் சே என்னும் சிற்றூர்க் கோயிலில் அடங்கிய ஒருவரின் வாழ்வு, இரு கண்டங்களின் ஏடுகளில் விட்ட இடமின்றித் தொடர்கிறது. சென்னையிலிருந்து படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டமையால் அவர்களுக்கு நூல் அறவில்லை.

நூல் அறுந்தது நம் பக்கத்தில். கல்கத்தாவோடு பெயர் இணைந்த ஜோப் சார்னாக்கின் மூன்று பெண்மக்கள் 1689 ஆகஸ்டு 19-இல் இதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்தம் தாய் இந்நாட்டுப் பெண். தந்தையின் குடிவழியை ஆராய்வார் பலர். அத்தாய் யார் மகள், எந்த ஊரினள் என்பதற்கு உறுதியான சான்று ஒன்றும் எஞ்சவில்லை.

தமிழ்மக்களின் பெயர்கள் இத்தகைய ஏட்டில் ஏறியது தரங்கம்பாடியில் எனலாம். சீகன்பால்கும் புளூச்சோவும் 1706-இல் வந்து, 1707 மே மாதத்தில் முதல் ஐவர்க்கு ஞானஸ்நானம் கொடுத்தனர். தென்பாண்டி நாட்டிற்கு வந்தால், பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையாரைக் காண்கிறோம். தஞ்சையிலிருந்து வந்த மராட்டிய அந்தணக் கைம்பெண்ணாகிய அவர், 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, அங்கே ஆலயமும் எழுப்பினார். 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவில் ஏறத்தாழ நாற்பது பெயர்களே உண்டு. அந்நாற்பதிலிருந்து விரிந்ததே இன்றைய பெருந்திருச்சபை. அம்மையாரை வைத்து அ. மாதவையா 1915-இல் ஆங்கிலத்தில் ஒரு புதினமே எழுதினார். பதிவேட்டு வரி ஒன்று கதையாக விரிந்தது. அக்காலத்தே திருநெல்வேலியில் வாழ்ந்த தேவசகாயம் பிள்ளையின் மைந்தரே 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார். அவர் வழிவந்தோர் இத்தனையாம் தலைமுறை என்று எண்ணிச் சொல்லுமளவு வரிசை தெளிவாக உள்ளது. 1799-இல் முதலூரும், தொடர்ந்து நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி முதலிய ஊர்களும் தழைத்தன. மும்பைத் தமிழருள் அவ்வூர்களைத் தாயூராக உடையார் பலர்.

ஆயினும் அங்கே சென்று ஏட்டைப் புரட்டுவோர்க்கு ஒரு தடை காத்திருக்கிறது. ஆங்கிலேயனுக்குக் குடிப்பெயர் உண்டு. மகன், பேரன், கொள்ளுப்பேரன் அனைவரையும் ஒரே கயிறு கட்டுகிறது. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே துணை. வேதமுத்துவின் மகன் சாமுவேல், சாமுவேலின் மகன் வேதமுத்து எனக் கொள்வோம். பெயரன் என்னும் சொல்லே பெயரை உடையவன் என்று பொருள்படுவது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். இவ்வழக்கம் ஆராய்வோர்க்கு நண்பனுமாம், பகைவனுமாம். அடுத்த தலைமுறைக்கு வழி காட்டும். அதே வேளையில் ஓர் ஊரில் ஐந்து வேதமுத்துக்களை நிறுத்தி மயக்கும். அப்போது தாயின் பெயர், தந்தையின் தொழில், தெரு ஆகியவற்றைக் கொண்டே பிரித்தறிதல் வேண்டும். தாயின் பெயரைக் காணாது தந்தை பெயரை மட்டும் படியெடுத்து வருவோர் பாதி வழியிலேயே திரும்பியவராவர்.

ஆண்டுக் கணக்கும் ஏமாற்றும். இங்கிலாந்தில் 1752-க்கு முன் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது; ஆதலின் 1700 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் அது 1701. நம் தென்மாவட்டத்துப் பழைய பத்திரங்களிலும் சாதகங்களிலும் கொல்லம் ஆண்டு வரும். கொல்லம் 1075 என்பது 1899 ஆவணியில் தொடங்கி 1900 ஆடியில் முடிவது.

கிறித்தவர் அல்லாதார்க்கு என்ன ஏடு உண்டு என்று அன்பர்கள் வினவலாம். நிலமுடையார்க்குப் பட்டாவும் பத்திரமும் உண்டு. நிலமற்றவர்க்கும் ஒன்று உண்டு; அதனை ஆராய்ச்சியாளர் போதிய அளவு மதித்ததாகத் தோன்றவில்லை. அதுவே குலதெய்வக் கோயிலின் வரி நோட்டு. கொடை நடத்துவதற்குத் தலைக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி எழுதும் வழக்கத்தை நாம் அறிவோம். மணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் புதுத் தலைக்கட்டாகிறான். தந்தை மறைந்தால் அவ்வரி மகன் பெயருக்கு மாறுகிறது. பிறப்பையும் இறப்பையும் நேரே எழுதாவிடினும், வரிசையாகக் கிடைக்கும் நோட்டுகளை ஆண்டு முறைப்படி வைத்துப் பார்த்தால் ஒரு குடியின் கிளைகள் பிரிந்த காலம் புலப்படும். ஆங்கிலேயன் வரிக்கஞ்சிய பதிவேடு அங்கே வரலாறாயிற்று. நம் வரி நோட்டோ கொடை முடிந்தபின் பரணில் கிடந்து செல்லரிக்கிறது. பெண்மக்களின் பெயரை அதில் காண்பது அரிது என்பதும் ஒரு பெருங்குறையே. ஆயினும் சேகரப் பதிவேடு செய்யாத ஒன்றை அது செய்கிறது. ஊரைவிட்டுப் போனவனை அது விடுவதில்லை. மும்பையிலிருந்தாலும் வரி வரி தான். ஆதலின் அவன் பெயரும் அங்கே உண்டு.

கடல் கடந்தோர் கதை இதற்கு ஒப்புநோக்கத் தக்கது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்த டுரூரோ என்னும் கப்பல் தொடங்கி, 1911 வரை ஒன்றரை இலக்கம் பேர் நேட்டாலுக்குக் கூலிகளாகச் சென்றனர். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். அவர்கள் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உடலில் உள்ள அடையாளம், மாவட்டம், ஊர் ஆகியவற்றைக் கப்பற்பட்டியலில் எழுதினர். மனிதனைச் சரக்காக எண்ணி எழுதிய பட்டியலே அது. ஆயினும் இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் அவ்வெண்ணைக் கையிற் கொண்டு வந்து தமிழ்நாட்டுச் சிற்றூர்களைத் தேடுகின்றனர்.

நாமோ சீட்டு வாங்கி இரயிலேறி வந்தோம். எவரும் நம்மை எண்ணவில்லை, எழுதவுமில்லை. தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த முதல் தலைமுறையார்க்குப் பட்டியல் ஏதும் இல்லை. மேலும், இந்நகரத்துப் பள்ளிப் படிவங்கள் குடிப்பெயர் ஒன்று கேட்டன. சிலர் தந்தை பெயரை எழுதினர். சிலர் ஊர்ப்பெயரை எழுதினர். சிலர் தாய்நாட்டில் உறவினர் கைவிட்ட சாதிப் பட்டத்தை எழுதினர். உடன்பிறந்தார் இருவர்க்கு வெவ்வேறு குடிப்பெயர் அமைந்த வீடுகளும் உண்டு. நூறாண்டு கழித்துத் துண்டுத் தாள் அடுக்க வருபவன் இவ்விருவரையும் ஒரு தாய்மக்கள் என்று எதைக்கொண்டு அறிவான்?

ஆகவே இவ்வாண்டு சங்க உறுப்பினர் ஏட்டைப் புதுப்பிக்கும்போது, பெயருக்கும் முகவரிக்கும் சந்தாவுக்கும் அப்பால் சில கட்டங்கள் கூட்டலாம்: தந்தை பெயர், தாய் பெயர், பாட்டனார் பெயர், சொந்த ஊரும் வட்டமும், தாயாரின் பிறந்த ஊர், குடும்பத்தில் முதன்முதல் மும்பைக்கு வந்தவர் யார், எந்த ஆண்டில் என்பன. மனைவியின் பக்கத்து விவரங்களுக்கும் அதே அளவு இடம் விடுதல் வேண்டும். ஒரு படி இங்கும் மற்றொரு படி வேறோர் இடத்திலும் இருத்தல் நலம். அத்தியட்சருக்கு அனுப்பிய படிகளால்தான் எரிந்துபோன பல ஆங்கிலப் பதிவேடுகள் பிழைத்தன. எண்பதைக் கடந்த பெரியோர் உள்ள வீடுகளுக்கு முதலிற் செல்லுதல் வேண்டும். கல்லூரி மாணவர் இருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஏடும் எழுதுகோலுமாகப் புறப்பட்டால் போதும்.