நிலமில்லாக் கோத்திரத்தின் அரிசி

சோற்றுக்கு அரிசி அளந்தெடுத்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரையில் இருக்கும் தனிப் பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். மீதியைத்தான் களைந்து உலையில் இட வேண்டும். குமரி மாவட்டத்துச் சபைக் குடும்பங்களில் மாமியார் மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் இது. பிடியரிசி என்பார்கள். சமைத்தபின் மிஞ்சியதைக் கொடுக்கும் வழக்கம் இதில் கிடையாது. வீட்டில் எத்தனை வயிறு காத்திருந்தாலும் அந்தப் பிடி முந்திக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை அது ஓலைப்பெட்டியிலோ துணிப்பையிலோ கோயிலுக்குப் போகிறது. எல்லா வீட்டு அரிசியும் ஒரே கடவத்தில் கொட்டப்படும்போது பார்க்க வேண்டும்: சிவப்புச் சம்பா, வெள்ளைப் பொன்னி, ரேஷன் புழுங்கல், எவரோ ஒருவர் வீட்டுப் பச்சரிசி. ஒன்று குழையும்போது இன்னொன்று நறுக்கரிசியாகவே நிற்கும். எது வயல்காரர் வீட்டுப் பிடி, எது கூலிக்காரர் வீட்டுப் பிடி என்று பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வாழைக்குலை, தேங்காய், சேவல் இவற்றோடு அரிசியும் ஏலத்துக்கு வரும். அரிசி பணமாகி, கணக்கு நோட்டில் ஒரு வரியாகி, ஓர் ஊழியரின் சம்பளத்திலோ ஒரு விதவையின் மருந்துச் செலவிலோ போய்ச் சேரும்.

இந்தப் பிடியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் லேவி கோத்திரத்தில் கொண்டுபோய் விடுகிறது.

யாக்கோபின் மூன்றாவது மகன் லேவி. அண்ணன் சிமியோனோடு சேர்ந்து சீகேம் ஊரின் ஆண்களையெல்லாம் வெட்டிப்போட்டவன். சாகும் தறுவாயில் தகப்பன் இவர்களை வாழ்த்தவில்லை. இஸ்ரவேலுக்குள் சிதறிப்போவார்கள் என்று சபித்தார். பிறகு சீனாய் மலையடியில் ஜனம் பொன் கன்றுக்குட்டியை வணங்கியபோது மோசேயின் பக்கம் வந்து நின்றது இந்தக் கோத்திரம்தான். அன்றும் வாள் எடுத்தார்கள், ஏறக்குறைய மூவாயிரம் பேர் மாண்டார்கள். இவ்வளவு ரத்தம் படிந்த கைகளிடம் ஆசரிப்புக் கூடாரத்தின் பணிவிடை ஒப்படைக்கப்பட்டதை எத்தனை முறை வாசித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

லேவியர் வந்து நின்ற இடம் இன்னும் ஆழமானது. எகிப்தில் தலைப்பிள்ளைகள் செத்த இரவில் தப்பிய இஸ்ரவேலின் முதற்பேறெல்லாம் கர்த்தருக்குச் சொந்தம். அந்தப் பிள்ளைகளுக்குப் பதிலாக லேவியர் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். எண்ணாகமம் இதற்குத் தலைக்கணக்கே வைத்திருக்கிறது: முதற்பேறான ஆண்கள் 22,273, லேவியர் 22,000. மிஞ்சிய 273 பேருக்குத் தலைக்கு ஐந்து சேக்கல் வீதம் மீட்புப் பணம் கட்டப்பட்டது. ஒவ்வொரு வீட்டின் மூத்த பிள்ளைக்காகவும் ஒரு லேவியன் நின்றான் என்றால், பானை அரிசி முழுவதற்காகவும் ஒரு பிடி நிற்கிறது. எல்லாம் உம்முடையது என்பதற்கு அடையாளமாக ஒரு பங்கு.

கானானில் நிலம் பங்கிட்டபோது லேவிக்குப் பங்கு இல்லை. தாமே அவர்களுடைய பங்கு என்று கர்த்தர் சொல்லிவிட்டார். குடியிருக்க 48 பட்டணங்களும் மாடு மேய்க்க வெளிநிலமும் கிடைத்தன; அவற்றில் ஆறு, கைப்பிசகாய்க் கொலை செய்தவன் ஓடி ஒளிய அடைக்கலப் பட்டணங்கள். தகப்பன் சபித்த சிதறல் இப்படி எல்லாக் கோத்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு லேவியன் இருக்கும் ஏற்பாடாக மாறியது. சோற்றுக்கு மற்றவர்களின் தசமபாகம். அதிலும் ஒரு விதி உண்டு: வாங்கிய பத்தில் ஒன்றிலிருந்து லேவியரும் பத்தில் ஒன்று கொடுக்க வேண்டும். வாங்குகிற கைக்கும் விலக்கில்லை. நெகேமியா காலத்தில் தானியம் வராமல் நின்றபோது லேவியரும் பாடகரும் வயல்வெளிக்குப் போய்விட்டார்கள். ஆலயத்தில் பாட்டு ஓய்ந்தது.

இந்த வேதம் தமிழில் நாஞ்சில் நாட்டுக்கு வந்த வழியில் மயிலாடி இருக்கிறது. அவ்வூர் மகாராசன் தஞ்சாவூர் போய் 1799-இல் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவர் அழைப்பின்பேரில் 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தவர் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே. 1809-இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. சம்பளம் கைக்கு வந்ததும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கிழிந்த உடையோடு ஊர் ஊராய் நடந்தவர் அவர். 1816-இல் அவர் கிளம்பியபோது உடுத்திக்கொள்ள நல்ல சட்டைகூட இல்லை. லேவி என்ற சொல்லுக்கு இந்த மண் முதலில் கண்ட விளக்கம் அந்த மனிதர்தான் என்பேன்.

அன்று பழையாற்றுப் பாசனத்தில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த வயல்கள் தேவஸ்வங்களுக்கும் மேல்சாதி நிலக்கிழார்களுக்கும் உரியவை. அந்தச் சேற்றில் நாற்று நட்டவர்களில் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1855-இல்தான். பனையேறிகளுக்கும் வயல் எட்டாத கனி. சபைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இவர்களே. வேதத்தில் நிலமுள்ள பன்னிரண்டு கோத்திரம் நிலமில்லாத ஒரு கோத்திரத்துக்குக் கொடுத்தது. இங்கே நிலமில்லாதவர்களே கொடுக்கிறவர்களானார்கள். வாங்கித் தின்னவே பிறந்தவர்கள் என்று ஊர் சொன்ன மக்கள், கூலி நெல்லைக் குத்திய அரிசியில் கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்துவைத்தார்கள். அதை வறுமையின் பாரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது அவர்கள் நிமிர்ந்து நின்ற முதல் இடமாகத் தெரிகிறது. மிசோரத்திலும் 1910 முதல் பெண்கள் பிடியரிசி எடுத்தே தங்கள் திருச்சபையைத் தாங்கிவந்திருக்கிறார்கள்.

1818-இல் மிஷனரி சார்லஸ் மீட் வந்தபின் ராணி கௌரி பார்வதி பாய் நாகர்கோவில் பள்ளிக்காக வயல் வாங்க 5,000 ரூபாய் கொடுத்தார். அந்த நெல்லால் பிள்ளைகள் படித்தார்கள்; நல்ல காரியம். ஆனால் அன்று முதல் இங்கத்திய லேவியாகிய சபைக்கு நிலம் உண்டு, நிலம் உண்டென்றால் வழக்கும் உண்டு.

இன்று வயல்கள் வாழைத்தோட்டமும் வீட்டுமனையுமாகிவிட்டன. பிடியரிசிக்குப் பதில் பலரும் கவரில் பணம் போடுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. தசமபாகம் கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று மல்கியாவை மட்டும் எடுத்துப் பிரசங்கிப்பதுதான் வலிக்கிறது. கொடுத்தால் பெருகும் என்ற ஆசையைக் காட்டிப் பெட்டியை நிரப்புகிற எவரும் உபாகமம் 14-ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலிலேயே வைத்துவிட வேண்டும், லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து தின்று திருப்தியாக வேண்டும் என்பது அங்கே உள்ள கட்டளை. லேவி தனியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. அந்த மூவரோடு ஒரே பந்தி.

அப்போஸ்தலர் நடபடிகளில் சீப்புரு தீவைச் சேர்ந்த ஒரு லேவியன் வருகிறான். பர்னபா. அவனிடம் ஒரு நிலம் இருந்தது. அதை விற்று, பணத்தை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தான். இல்லாதவர்களுக்கு அவரவர் தேவைக்குத் தக்கபடி அது பகிரப்பட்டது. நம் சேகரங்களின் கமிட்டிகள் ஆண்டு வரவுசெலவு வாசிக்கும் நாளில் இந்தப் பகுதியையும், லேவியரையும் பத்தில் ஒன்று கொடுக்கச் சொல்லும் எண்ணாகமம் 18-ஐயும் சேர்த்து வாசிக்கட்டும். வந்த காணிக்கையில் பத்தில் ஒன்று சபைக்கு வெளியே இருக்கும் ஏழைக்குப் போனதா என்று ஒரு வரி அந்தக் கணக்கில் இருக்கட்டும்.