நாவுக்குச் சுவை கற்பித்தவர் யார்?

இராயபுரத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபில் ஒரு நாள் மாலை, பாடம் முடிந்து பிள்ளைகள் எல்லாரும் எழுந்து சென்ற பின்னரும் ஒரு சிறுவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். துறைமுகத்தில் சுமை ஏற்றும் தொழிலாளி ஒருவரின் மகன். தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஹஜ்ரத், பீர் என்பது பார்லித் தண்ணீர்தானாமே? சாராயம்தான் ஹராம், இது உடம்புக்குக் குளிர்ச்சி என்று எங்கள் அத்தா சொல்கிறார். உண்மைதானா?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவன். மார்க்கச் சட்டத்தை அறிந்துகொள்ள அவன் வந்ததாக நமக்குத் தோன்றவில்லை. தன் தந்தை குற்றவாளி அல்லர் என்று யாரேனும் சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கமே அவன் முகத்தில் இருந்தது. அவனுக்கு நாம் அளித்த விடையை இறுதியில் கூறுவோம்.

ஆனால் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. காசிமேடு முதல் எண்ணூர் வரை, இந்தக் கடற்கரையின் உழைப்பாளர் குடும்பங்களில் குடித்தவர்களை எண்ணிப் பாருங்கள். பாட்டனார் கள்ளை விரும்பினார். தந்தை சாராயத்தை நாடினார். மகன் பீரும் பிராந்தியும் கேட்கிறான். குடும்பம் ஒன்று, கடற்கரை ஒன்று. சுவை மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது எங்ஙனம்? "அவரவர் விருப்பம்" என்று உலகம் எளிதாகக் கூறிவிடுகிறது. வரலாற்றைப் புரட்டினாலோ, விருப்பம் என்று நாம் கருதுவதில் பெரும்பகுதி வணிகரும் ஆட்சியாளரும் வகுத்துத் தந்தது என்பது புலனாகிறது.

ஐந்து பொருள்கள்

அறியாமைக் காலத்து அரபு மக்கள் மதுவைச் சுவைப்பதில் தேர்ந்தவர்கள். அல்-அஃஷா போன்ற கவிஞர்கள் அதன் நிறத்தையும் மணத்தையும் பாடிப் புகழ் பெற்றனர். சிரியா நாட்டிலிருந்து வணிகர் கொணர்ந்த திராட்சை மது செல்வர்க்குரியது. பேரீச்சந் தோட்டங்கள் நிறைந்த மதினாவிலோ பழுத்ததும் பழுக்காததுமான பேரீச்சங்காய்களை ஊறவைத்த 'ஃபளீக்' என்னும் பானமே பெரிதும் வழங்கியது. யமன் நாட்டார் தேனிலிருந்து 'பித்உ' என்ற பானத்தையும், பார்லியிலிருந்து 'மிஸ்ர்' என்ற பானத்தையும் ஆக்கினர். எந்த மண்ணில் எது விளைந்ததோ, எந்த வழியில் எது வந்ததோ, அதுவே அந்த மண்ணின் சுவையாயிற்று.

விலக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மதுவில் பயனைவிடப் பாவம் பெரிது என்று முதலில் உணர்த்தப்பட்டது. போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்று அடுத்துக் கூறப்பட்டது. இறுதியாகவே முற்றும் விலக்கப்பட்டது. மனங்கள் படிப்படியாகப் பண்படுத்தப்பட்டிருந்தமையால், அபூ தல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் மது பரிமாறிக்கொண்டிருந்த இளைஞர் அனஸ் (ரலி) அவர்கள், அறிவிப்புக் குரல் காதில் விழுந்ததும் அதை வெளியே கொட்டினார். மதினாவின் தெருக்களில் அன்று மது ஓடிற்று.

பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, பார்லி ஆகிய ஐந்திலிருந்தும் மது ஆக்கப்படுவதை எடுத்துரைத்து, அறிவை மூடுவது எதுவோ அதுவே மது என்று விளக்கினார்கள். பெயரையும் மூலப்பொருளையும் கடந்து விளைவை நோக்கிய இலக்கணம் அது. அந்தச் சிறுவனின் தந்தைக்கு ஏற்பட்ட ஐயம் புதிதன்று என்பதற்காகவே இதனை ஈண்டுக் குறிப்பிட்டோம்.

தமிழகக் கரையில்

தமிழர் வரலாறும் இத்தகையதே. கள், நறவு, தேறல், தோப்பி எனப் பழந்தமிழில் மதுவுக்குப் பெயர்கள் பல. யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பருகியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிக்கிறது. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945இல் நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மன்னனுக்குக் கடல் கடந்த தேறல், உழவனுக்கும் பரதவனுக்கும் ஊர்க் கள் என்ற பிரிவு அன்றே இருந்தது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வாழ்ந்த மண்ணும் இதுவே.

1640இல் ஆங்கிலேயக் கம்பெனியார் சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கிய பின் இக்கரையின் சுவைகள் பெருகின. அன்று இங்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையை ஏறிக் கடந்து சரக்குகளைக் கரை சேர்த்தன. அச்சரக்குகளிடையே பாரசீகத்து ஷிராஸ் மதுவும், மதீரா தீவின் மதுவும் வந்தன. மதீரா மது நீண்ட கடற்பயணத்தின் வெப்பத்தில் சுவை கூடுவதாகக் கருதப்பட்டதால் வெள்ளையர் அதைப் பெரிதும் விரும்பினர். பின்னர் இலண்டனிலிருந்து 'பேல் ஏல்' என்னும் பீர் பீப்பாய் பீப்பாயாக வந்திறங்கிற்று. பானங்களைக் குளிர்விக்க அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டியும் கப்பலேறி வந்தது. அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக மெரினாவில் நிற்கிறது. அந்தப் பீப்பாய்களைத் தோளில் சுமந்த நம் கடற்கரை மக்களுக்கு அவற்றின் பாரம் தெரியும்; சுவை தெரியாது.

அவர்களுக்கென வகுக்கப்பட்டது சாராயம். ஆங்கிலேயர் அதை வழங்கிய 'அரக்' என்ற பெயர் அரபுச் சொல். வியர்வை என்பது அதன் பொருள். வடிகலத்தில் வியர்வைபோல் துளித்து இறங்குவதால் அப்பெயர். வடிகலத்துக்குரிய 'அன்பீக்' என்ற சொல்லையும் ஐரோப்பா அரபியிலிருந்தே பெற்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் அல்-கிந்தீ அக்கலையைக் கொண்டு நறுமணப் பொருள்களை வடித்தெடுக்கும் முறைகளை எழுதி வைத்தார். அத்தருக்காகப் பயன்பட்ட கருவி பின்னாளில் எதற்கெல்லாம் பயன்பட்டது, பாருங்கள்!

கருவூலத்தின் சுவை

கம்பெனியார் சாராயமும் கள்ளும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பொருள் ஈட்டினர். பின்னர் 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. 'ஆப்' என்ற பாரசீகச் சொல்லுக்குத் தண்ணீர் என்று பொருள். ஆனால் அந்தத் தண்ணீரிலிருந்து அரசு எடுத்தது பணம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கள் மரத்தில் பிறப்பது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர்; தடவாவிட்டால் கள். காலையில் இனிப்பது மாலைக்குள் புளித்துவிடும். அதைத் தொலைவுக்கு அனுப்ப இயலாது. நாட்கணக்கில் சேமித்து வைக்கவும் இயலாது. வரி வாங்க மரத்துக்கு மரம் எண்ண வேண்டும். சாராயமோ ஆலையில் வடிவது. அளந்து, முத்திரையிட்டு, கணக்கெழுதலாம். கணக்குக்கு எளியது எதுவோ அது பெருகிற்று. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே பாரிமுனையில் பெயர் நிலைத்த பாரி நிறுவனத்தின் முன்னெழுத்துகளான 'இ.ஐ.டி.' என்பன 'கிழக்கிந்திய வடிசாலைகள்' என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கமே என்பது நம்மில் பலர் அறியாதது. நெல்லிக்குப்பத்தில் கரும்பிலிருந்து சர்க்கரையும் அதன் கழிவுப்பாகிலிருந்து சாராயமும் ஆக்கிய காலத்தின் சுவடு அது.

இந்த வருவாயை முதன்முதலில் துணிந்து துறந்தவர் இராஜாஜி. 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த பணத்தை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியை விதித்தார். இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி கட்டுகிறோமே, அதன் வேர்களுள் ஒன்று சாராயக் கடையை மூடியதில் இருக்கிறது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்குக் கொள்கை விவாதிக்கப்பட்டபோது, ஆதிவாசிகளின் அரிசி மது அவர்களின் வழிபாட்டோடும் உழைப்போடும் பிணைந்தது என்று ஜெய்பால் சிங் எதிர்த்துப் பேசினார். சுவைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை முறை இருக்கிறது என்ற அவரது வாதத்தை, உடன்படாதவர்களும் எளிதில் தள்ளிவிட இயலாது.

சட்டம் வந்தது, மனம் எல்லா இடத்திலும் உடன் வரவில்லை. கள்ளுக்கடை மூடிய இடத்தில் ஊறல் பானை முளைத்தது. வேலம்பட்டையும் வெல்லமும் ஊறிப் பட்டைச் சாராயமாயின. அதுவும் கிட்டாதவர்கள் மருந்துக்கடையின் இஞ்சிச் சத்தை நாடினர். மரச்சாமான்களுக்குப் பூசும் மெருகெண்ணெயில் நீரை ஊற்றி, திரிந்து மிதக்கும் அரக்கைத் துணியால் வடித்துக் குடித்தவர்களும் உண்டு. அதனை விரும்பிக் குடித்தார்கள் என்று எவரேனும் கூற முடியுமா? பணமும் மருத்துவச் சான்றும் உடையவர்க்கு மட்டும் 'பெர்மிட்' இருந்தது. விலக்கு என்பது ஏழைக்கு முழுமையாகவும் செல்வனுக்கு அரைகுறையாகவும் அமைந்தது.

1971 ஆகஸ்ட் 30 முதல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. முதுமையில் தளர்ந்திருந்த இராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் கலைஞரின் இல்லம் சென்று, வேண்டாம் என்று மன்றாடினார். 1974இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறக்கப்பட்டன. 1983இல் மது வாணிபத்துக்கென டாஸ்மாக் நிறுவனம் அமைந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. ஆலை மதுவோ நின்றது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. 2025இல் மாநிலத்தில் ஏறத்தாழ 4,800 கடைகள் இருந்தன. 2023-24ஆம் ஆண்டில் அவற்றால் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிற்று.

இப்போது அந்த மூன்று தலைமுறைகளின் நாக்கைப் பாருங்கள். பாட்டனின் கள்ளில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பங்கே போதைப் பொருள். பேரன் 'குவார்ட்டர்' என்று கேட்டு வாங்கும் பிராந்தியில் 42.8 பங்கு. அதுவும் பெரும்பாலும் திராட்சையில் பிறந்ததன்று. கரும்புக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஊட்டியது. பெயர் டச்சு மொழியைச் சார்ந்தது. பொருள் பழைய சாராயமே. தன் விருப்பத்தால் பிராந்தியைத் தேர்ந்ததாக அவன் எண்ணுகிறான். அவனுக்கு முன்னால் வைக்கப்பட்டிருந்ததோ அந்த ஒரு வரிசைதான்.

கண்ணுக்கு மை

'ஆல்கஹால்' என்ற சொல்லும் அரபுதான். 'அல்-குஹ்ல்' என்பது நாம் கண்ணுக்கு இடும் சுர்மா. மிக நுண்ணிய அப்பொடியின் பெயர், ஐரோப்பிய இரசவாதிகளின் கையில் எப்பொருளுக்கும் உரிய நுண்சாரத்தைக் குறிக்கலாயிற்று. பின்னர் மதுவின் சாரத்தை மட்டும் குறித்தது.

கண்ணுக்கு அழகு சேர்த்த அச்சொல் இன்று எங்கே வந்து நிற்கிறது? மெத்தனால் என்பது தொழிற்சாலைகளுக்குரிய ஒருவகை ஆல்கஹால். நாவுக்கு வேறுபாடு தெரியாது. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் தாக்குவது கண் நரம்பை. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் சிற்றூரிலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதனைக் குடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இறந்தோர் அறுபதுக்கும் மேல். பிழைத்தவர்களிலும் பார்வை இழந்தோர் உண்டு. இரு நிகழ்ச்சிகளின்போதும் அரசுக் கடைகள் திறந்தேயிருந்தன என்பதை மறக்கலாகாது. கடையைத் திறந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்ற வாதமும், கடையை மூடினாலே குடி ஒழியும் என்ற வாதமும் ஒருங்கே பொய்த்த இடம் அது. இறந்தவர்களில் பலர் கடை விலைக்கு வழியில்லாத கூலிகள்.

எனவே குடிப்பவனை மட்டும் ஏசுவது எளிது, நேர்மையாகாது. அவன் நாவுக்குச் சுவை கற்பித்த குத்தகைக்காரனும், கணக்கெழுதிய கருவூலமும், வலித்த முதுகுக்கு வேறு ஓய்வு காட்டாத நாமும் அந்தப் பழியில் பங்காளிகள். நம் மஹல்லாக்களில் குடிக்கு அடிமையானவரின் வீட்டுக் கதவைத் தட்டி நலம் கேட்டவர் எத்தனை பேர்? மதினாவில் மனம் பண்பட்ட பின்னரே சட்டம் முழுமை பெற்றது. நாமோ மனத்தை விட்டுவிட்டுச் சட்டத்தையே பற்றி வாதாடுகிறோம்.

அந்தச் சிறுவனுக்கு நாம் சொன்னது இதுதான்: "தம்பி, நபித்தோழர் அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்கள் யமனுக்குப் புறப்பட்டபோது இதே பார்லிப் பானத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். போதை தருவது எல்லாமே ஹராம் என்பதே அவர்கள் பெற்ற விடை. ஆனால் கேட்டவரை நாயகம் கடிந்துகொள்ளவில்லை. உன் அத்தாவையும் நாம் கடிந்துகொள்ள மாட்டோம். இஷாவுக்குப் பின் உங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்."

அன்றிரவு சென்றோம். அவர் நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார், பாய் விரித்தார், தேநீர் வரவழைத்தார். பீரைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. சுமைத் தொழிலைப் பற்றியும், தோள்வலியைப் பற்றியும், மகனின் படிப்பைப் பற்றியும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். புறப்படும்போது, "ஹஜ்ரத், மறுபடியும் வாருங்கள்" என்றார். சென்றுகொண்டிருக்கிறோம்.