சாதுவான பாம்பு

பிரிஸ்பேனில் இருக்கும் நண்பரின் மகனுக்குப் பதினைந்து வயது. போன மாதம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "அங்கிள், கார்ப்பெட் பைதான் ஒண்ணு வளர்க்கலாம்னு இருக்கேன். ரொம்ப சாதுவான பாம்பு. அப்பாகிட்ட நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்." வீட்டுக்கடனுக்குச் சிபாரிசு கேட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாம்புக்குச் சிபாரிசு கேட்டு வந்தது இதுதான் முதல். பக்கத்தில் இருந்த தங்கமணி, "ஏன், நாய், பூனையெல்லாம் தீர்ந்து போச்சாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பையன் சொன்ன 'சாது' என்கிற சொல் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கடித்தால் ஆளையே கொல்லும் பாம்புக்கு 'நல்ல பாம்பு' என்று பெயர் வைத்தவர்கள் நாம். பாம்பை வைத்துப் பிழைத்தவர்களும் பாம்பை விற்றவர்களும் அதன் குணத்தைப் பற்றி ஏதாவது ஒரு கதை சொல்லித்தான் வந்திருக்கிறார்கள். வணிகவியல் படித்தவனுக்கு உயிரியல் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த 'சாது' என்ற சொல்லுக்கு வரவு செலவு எழுதினால் கணக்கு எங்கெங்கோ போகிறது. மயூர் விஹாரிலிருந்து கிளம்பி, செங்கல்பட்டு வழியாக அமெரிக்கா வரை!

முதலில் கார்ப்பெட் பைதான். நம் மலைப்பாம்புக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் வாழ்வது. விஷம் கிடையாது. உடம்பில் கம்பளம் விரித்த மாதிரிக் கோலம் இருப்பதால் இந்தப் பெயர். சாதாரணமாக இரண்டு மீட்டர் வளரும், சில வகைகள் அதற்கும் மேலே போகும். பிரிஸ்பேன் புறநகர்களில் வீட்டுக் கூரைக்குள் தானாகவே குடி வந்து எலி பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே இருக்கும் நம்மவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். வளர்ப்பதற்கு அங்கே உரிமம் வேண்டும். காட்டிலிருந்து சும்மா பிடித்துக்கொண்டு வர முடியாது.

அது சாதுவா? குட்டியாக இருக்கும்போது கண்டிப்பாக இல்லை. அந்தச் சின்ன உயிருக்கு எல்லாமே எதிரி, கை நீட்டினால் பட்டென்று கடிக்கும். வளர வளர, தினமும் கையில் எடுப்பவருக்கு ஓரளவு பழகும். ஒன்று கவனிக்க வேண்டும். அது நம்மைக் கடிப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பயம், இன்னொன்று பசி. மலைப்பாம்பின் உதட்டு ஓரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. சூடாக ஒன்று நெருங்கினால் அது எலியா, எஜமானர் கையா என்று பார்ப்பதற்கு முன்பே பாய்ந்துவிடலாம். அதனால் அனுபவசாலிகள் பெட்டியைத் திறந்ததும் ஒரு கொக்கிக் கம்பியால் பாம்பை லேசாகத் தொட்டு, 'இது சாப்பாட்டு நேரம் இல்லை' என்று தெரியப்படுத்திவிட்டுத்தான் கை வைப்பார்கள். நாய் மாதிரி அது நம்மை நேசிப்பதில்லை. சகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சகிப்பை வைத்து நம் நாட்டில் ஒரு பெரிய தொழிலே நடந்தது. இங்கிருந்து தெற்கே, பதர்பூரைத் தாண்டி ஹரியானா எல்லையில் மோலர்பந்த் என்று ஒரு ஊர். பாம்பாட்டிகளின் குடியிருப்பு அங்கே இருக்கிறது. இந்தி பேசுகிறவர்கள் சபேரா என்பார்கள். ஒரு காலத்தில் தில்லித் தெருக்களில் கூடையைத் திறந்து மகுடி ஊதியவர்கள். மகுடிக்குப் பாம்பு மயங்கி ஆடுகிறது என்று நாம் நம்பினோம். பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரை அதிர்வையும் சில தாழ்ந்த ஒலிகளையும் ஓரளவு உணரும். அது கண் வைத்திருப்பது ஆடுகிற மகுடியின் மேலும் கையின் மேலும்தான். படம் எடுத்து நிற்பது பயத்தில். கடிக்காமல் இருந்ததற்குக் காரணம் பல நேரம் குணமே இல்லை. பல் பிடுங்கப்பட்டிருக்கும், சில சமயம் வாயே தைக்கப்பட்டிருக்கும். ஆடி ஆவணியில் நாக பஞ்சமிக்கு இங்கே கோயில் வாசல்களில் அவற்றுக்குப் பால் ஊற்றுவார்கள். பாம்புக்குப் பால் ஆகாது. நாள் கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் கிடைத்ததைக் குடிக்கும். பார்ப்பவருக்கு அது பக்தி!

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காகிதத்தில் இருந்த தடை தெருவுக்கு வந்து சேரப் பல வருஷங்கள் ஆயின. பாம்பு போனது, மகுடி மட்டும் மிஞ்சியது. இப்போது அதை வைத்துக் கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கிறார்கள். அந்த மக்களின் வயிற்றுக்கு என்ன வழி என்று சட்டம் எழுதியவர்கள் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதே சட்டம் நம் ஊரில் வேறு மாதிரி முடிந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பாம்பை ஆட வைத்தவர்கள் அல்ல. பிடித்தவர்கள். சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு என்று பிடித்துத் தோல் வியாபாரிகளுக்குக் கொடுப்பார்கள். லட்சக்கணக்கில் தோல்கள் கப்பலேறி வெளிநாட்டில் கைப்பையும் செருப்புமாக மாறின. லாபம் இடைத்தரகருக்கு, இருளருக்குக் கிடைத்தது சில்லறை. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் அந்தச் சில்லறையும் நின்றது.

அப்போது சென்னையில் ரோமுலஸ் விட்டேகர் இருந்தார். கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர். பாம்பு பற்றி அவர் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இருளர்களோடு நடந்து கற்றது. அவரும் சேர்ந்து முயன்றதில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி, முதலைப் பண்ணை வளாகம். தோலை உரிப்பதற்குப் பதில் நஞ்சை எடுத்து விற்பது. கூட்டுறவுச் சங்கம் என்றாலே உதட்டைப் பிதுக்குகிற வங்கிக்காரனான எனக்கு, இத்தனை வருஷம் நின்ற இந்தச் சங்கத்தைப் பார்த்தால் ஒரு மரியாதை.

அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு வகைகள்தான். வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடிக்க வேண்டும். மண்பானையில் கொஞ்சம் மணல் போட்டு, பாம்பை உள்ளே விட்டு, மேலே பருத்தித் துணி கட்டிவிடுவார்கள். இருட்டு, குளிர்ச்சி, அமைதி. பாம்புக்கு வேண்டியது அவ்வளவுதான். பல்லைப் பிடுங்க வேண்டாம், வாயைத் தைக்க வேண்டாம். வாரம் ஒரு தரம் வெளியே எடுத்து நஞ்சைக் கறந்துவிட்டு மறுபடி பானைக்குள். இப்படி மூன்று நான்கு வாரம். பிறகு வயிற்றுச் செதிலில் சிறிய அடையாளம் வெட்டி காட்டில் விட்டுவிடுவார்கள். சீக்கிரமே மறுபடி பிடிபட்டால், 'நீ ஏற்கனவே கொடுத்தாயிற்று' என்று அடையாளம் சொல்லிவிடும்.

இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி பல வருஷங்களாக இந்தச் சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. நம் நாட்டில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது. அந்தப் பானைகளின் மதிப்பு என்ன என்று இப்போது புரியும்.

இனி அமெரிக்கா. அங்கே 'சாது' என்று விற்கப்பட்டது பர்மிய மலைப்பாம்பு. வாங்கும்போது முழங்கை நீளக் குட்டி, அழகான தோல், கழுத்தில் போட்டுக்கொண்டு படம் எடுக்கலாம். 1996 முதல் 2006 வரை மட்டும் சுமார் 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அங்கே இறக்குமதியாயின. மூன்று நான்கு வருஷத்தில் அது பத்தடியைத் தாண்டும். எலி போதாது, முயல் வேண்டும். பெட்டி போதாது, அறை வேண்டும். ஆயுளோ இருபது வருஷத்துக்கு மேல். வாங்கிய பையன் கல்லூரிக்குப் போய்விடுவான், அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள். ஃப்ளோரிடாவில் பலர் ராத்திரியோடு ராத்திரியாகச் சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயலில் ஒரு வளர்ப்புக் கூடம் இடிந்து தப்பியவையும் சேர்ந்தன என்பார்கள். 2000 வாக்கில் எவர்கிளேட்ஸ் பகுதியில் அவை பெருகி நிலைத்துவிட்டது உறுதியானது. 2012-ல் வந்த ஒரு ஆய்வின்படி, அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அதே வருஷம்தான் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டிய கதை.

பரிசு அறிவித்து வேட்டைப் போட்டி வைத்தார்கள். 2013-ல் சுமார் 1,600 பேர் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் பிடித்தது 68 பாம்பு. 2016-ல் ஆயிரம் பேர், 106 பாம்பு. பிறகுதான் யாருக்கோ நம்மவர்கள் ஞாபகம் வந்தது. 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்று இரண்டு இருளர்கள் விமானம் ஏறினார்கள். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். கூடவே மொழிபெயர்க்க ஆட்கள். அமெரிக்க வேட்டைக்காரர்கள் கரைச் சாலையில் வண்டியில் போய்த் தேடிய இடத்தில், இவர்கள் புதருக்குள் இறங்கி மெதுவாக நடந்தார்கள். ஊர்ந்த தடம், எச்சம், புல் சாய்ந்திருக்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளம் ஒன்றிலிருந்து நான்கு பாம்புகளை எடுத்தார்கள், அதில் ஒன்று பதினாறடிப் பெண் பாம்பு. இரண்டு மாதத்துக்குள் மொத்தம் முப்பதுக்கும் மேல்.

கணக்கைக் கவனியுங்கள். ஆயிரம் பேருக்கு 106, இரண்டு பேருக்கு முப்பது சொச்சம்! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தி பார்த்தபோது, பள்ளிக்கூடம் பார்க்காத அறிவுக்கும் பட்டம் உண்டு என்று மனசுக்கு இதமாக இருந்தது.

நம் நாடு இதில் பாடம் படித்ததா என்றால், பாதி. நம் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு இனங்களுக்குப் பல காலம் சட்டத்தில் இடைவெளி இருந்தது. 2020-ல் மத்திய அரசு, வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து சொல்லலாம் என்றது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, 2024-ல் விதிகள் கொண்டு வந்து, பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களைப் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கார்ப்பெட் பைதானும் அந்தப் பட்டியலில் அடக்கம். ஆனாலும் 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. எல்லாம் டப்பாவில் அடைத்த 'சாது' குட்டிகள்.

என் பார்வையில் விஷயம் இதுதான். பாம்பு சாதுவா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. வங்கியில் கடன் கொடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது எத்தனை வருஷத்துக்கு என்பதை. இருளர் பாம்பை எடுத்துவரும்போதே திருப்பி விடும் நாள் முடிவாகி இருக்கிறது, நாலு வாரம். அந்த நாலு வாரமும் அதைப் பாம்பாகவே நடத்துகிறார்கள். கடையில் குட்டி வாங்குகிறவனுக்கு அந்தத் தேதி கிடையாது. இருபது வருஷமும் அவன் பொறுப்பு, திருப்பி விடக் காடும் இல்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் பாம்பு கேட்டால், 'சீ, பாம்பா' என்று வாயை அடைக்காதீர்கள். பயத்தைவிட ஆர்வம் மேல். உரிமம் இருக்கிறதா, வெப்ப விளக்குக்கு மின்சாரச் செலவு யார் தருவது, செத்த எலியை எந்த ஃப்ரீசரில் வைப்பது, குடும்பத்தோடு ஒரு மாதம் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது, இவன் வேலை கிடைத்து வேறு நகரம் போனால் என்ன செய்வது என்று உட்கார வைத்து வரிசையாகக் கேளுங்கள். ஒரு காகிதத்தில் பதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற பிள்ளை வளர்க்கத் தகுதியானவன்தான்.

பதில் இல்லாதவர்களை அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது வடநெம்மேலிக்குக் கூட்டிப் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். கிளம்புமுன் திறந்திருக்கும் நாளை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.