கழுத்தில் தகரம், கையில் கார்டு

2014 ஜூன் 28 மாலை, போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் செத்துப்போனார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அதில் பலர். இடிபாட்டுக்குள் மொத்தம் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முதல் நாட்களில் உறுதியான பதில் கிடைக்கவில்லை. அந்தக் கணக்கை யார் வைத்திருக்க வேண்டும் என்று 1979லேயே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

அதற்கும் முன்பு நம் ஆட்களையே இப்படி எண்ணினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கழுத்தில் தோட்டத்து எண் பொறித்த தகர வில்லையைக் கட்டி அனுப்பினார்கள். வழிச்செலவைத் தோட்டம் கங்காணி கணக்கில் எழுதும். கங்காணி அதைத் தொழிலாளி தலையில் எழுதுவார். அங்கே போனபின் ‘துண்டு’. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டம் தரும் சீட்டு அது. ஆளோடு சேர்ந்து கடனும் கைமாறியது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். பதிவு என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கும் தோழர்கள் இந்தத் துண்டை மறக்கக் கூடாது.

1979 சட்டம் வேறு வழியில் போனது. ஒடிசாவில் சர்தார்கள் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்த ‘தாதன்’ முறையைத் தடுக்கப் பிறந்தது, மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கான அந்தச் சட்டம். ஐந்து பேரைக் கூட்டி வந்தாலே ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஆள் எடுக்கும் மாநிலத்திலும், வேலை வாங்கும் மாநிலத்திலும். 15 நாளுக்குள் இரண்டு அரசுகளுக்கும் விவரம் தர வேண்டும். தொழிலாளிக்குப் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக், அவர் மொழியிலேயே. கூலி, பிடித்தம், ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். சம்பளம் போக இடப்பெயர்ச்சிப் படி தனி. கங்காணியைப் பதிவு செய்யச் சொன்ன சட்டம் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஆவடியிலோ அப்படி ஒரு பாஸ்புக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். என் கண்ணில் இதுவரை ஒன்றும் படவில்லை.

2020இல் வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையான தொகுப்புச் சட்டம் ஐந்தைப் பத்தாக்கியது. ஒப்பந்தக்காரர் லைசென்ஸுக்கு வரம்பு 50 பேர். இடப்பெயர்ச்சிப் படி போயே போய்விட்டது. தானாக ஊர்விட்டு வந்தவரையும் புலம்பெயர் தொழிலாளியாக ஏற்றது நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2021இல் வந்த இ-ஷ்ரம் தளத்தில் ஆதாரைக் கொடுத்துப் பதிய வேண்டியது தொழிலாளி. கார்டு அவர் கையில். கூட்டி வந்தவர் பெயர் அதில் கிடையாது.

‘வடக்கன் வந்து வேலையைப் பறிக்கிறான்’ என்று நம் சேரிகளிலும் பேச்சு கேட்கிறது. பேசுபவர்களுக்குத் தகர வில்லைக் கதையைச் சொல்லுங்கள். கூடவே தொழிலாளர் துறைக்கு ஓர் ஆர்.டி.ஐ. போடுங்கள்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் 1979 சட்டப்படி லைசென்ஸ் பெற்ற ஒப்பந்தக்காரர்கள் எத்தனை பேர், ஆண்டுவாரியாக?