வழக்கறிஞரும் இரகசியமும்: ஒரு சட்ட நெறியின் வரலாறு

வைத்தியரிடத்திலும் வக்கீலிடத்திலும் உண்மையை மறைக்கலாகாது என்பது நம்மவரிடையே நெடுநாளாக வழங்கிவரும் பேச்சு. நோயை மறைத்தால் உடலுக்குக் கேடு. வழக்கின் உண்மையை மறைத்தால் உரிமைக்குக் கேடு. ஆயின், நாம் சொன்ன உண்மையை அவ்விருவரும் கிணற்றில் போட்ட கல்லைப்போல வைத்துக் காப்பார்களா? சாட்சிக் கூண்டில் ஏற்றி, "உம்மிடம் அவர் கூறியது யாது?" என்று நீதிமன்றம் கேட்குமானால் அவர்கள் வாய் திறக்கவேண்டுமா? இக்கேள்விக்குத் தெளிவான விடை காண ஆங்கில நீதிமன்றங்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அவ்விடையே இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டமாக விளங்குகின்றது. அது தோன்றி வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

தோற்றம்

ரோமாபுரியின் சட்டத்திலேயே இந்நெறியின் வித்தைக் காணலாம். ஜஸ்டினியன் சக்கரவர்த்தி தொகுப்பித்து 533ஆம் ஆண்டில் வெளியான சட்டத் திரட்டில், ஒரு வழக்கில் வாதாடியவர் அதே வழக்கில் சாட்சி சொல்லாதபடி மாகாண அதிபதிகள் பார்த்துக்கொள்ளவேண்டும் என்னும் விதி இடம்பெற்றுள்ளது.

இங்கிலாந்தில் இக்கேள்வி எழுந்தது பிற்காலத்தில்தான். சாட்சிக்கு அழைக்கப்பட்டும் வராதவருக்கு அபராதம் விதிக்கும் சட்டம் முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், 1563ஆம் ஆண்டில் பிறந்தது. எல்லாரும் சாட்சி சொல்லியே தீரவேண்டும் என்ற நிலை வந்தவுடன், யாருக்கு விலக்கு அளிப்பது என்ற வினாவும் உடன் வந்தது. 1577ஆம் ஆண்டில் பேர்டு என்பவருக்கும் லவ்லேஸ் என்பவருக்கும் நடந்த வழக்கில், தாமஸ் ஹாட்ரி என்னும் வழக்கறிஞர் தாம் அவ்வழக்கை நடத்தியவராதலின் சாட்சி சொல்லவேண்டியதில்லை என்று விலக்குப் பெற்றார். இத்தகைய விலக்குக்குக் குறிக்கப்பெற்ற மிகப் பழைய ஆங்கிலச் சான்றுகளுள் இஃது ஒன்று.

அந்நாளில் இவ்விலக்குக்கு அடிப்படையாக இருந்தது வழக்கறிஞரின் கௌரவமே என்று அறிஞர் பலர் கருதுவர். நம்பிச் சொன்னதை வெளியிடுவது கண்ணியமான மனிதருக்கு இழுக்கு என்பது அக்கால எண்ணம். அவ்வாறாயின் அந்த உரிமை வழக்கறிஞருக்கே உரியது; கட்சிக்காரருக்கு உரியதன்று. இந்த எண்ணம் மாறியது எவ்வாறு என்பதே நம் வரலாற்றின் சாரம்.

பிரபுவின் வழக்கு

1743ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் ஒரு வழக்கு பதினைந்து நாள் நடைபெற்றது. வழக்காடியவர் ஜேம்ஸ் ஆன்ஸ்லி என்னும் இளைஞர். எதிர்த்து நின்றவர் அவருடைய சிறிய தந்தையார் ரிச்சர்ட், ஆங்கிள்சி பிரபு.

ஜேம்ஸின் தந்தையார் ஆல்தம் பிரபு 1727இல் இறந்தார். உடனே ரிச்சர்ட் பிரபுப் பட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார். அடுத்த ஆண்டில், பன்னிரண்டு பதின்மூன்று வயதே நிரம்பிய ஜேம்ஸ் பிடிக்கப்பட்டு, கப்பலேற்றி அமெரிக்கக் குடியேற்ற நாட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆங்கே ஒப்பந்தக் கூலியாகப் பல ஆண்டுகள் உழைத்தார். ஒப்பந்தக் கூலி என்னும் சொல்லின் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பின்னர் அவர் தப்பி, ஜமைக்காவை அடைந்து, ஆங்கிலக் கடற்படையில் சேர்ந்து, 1741இல் இங்கிலாந்து திரும்பித் தம் உரிமையைக் கேட்டார்.

1742ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேம்ஸின் கைத்துப்பாக்கி தற்செயலாக வெடித்து ஒருவர் இறந்தார். இவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்ட பிரபு, ஜேம்ஸின் மீது கொலைக்குற்றம் சாட்டி வழக்கு நடத்தப் பணத்தை வாரி இறைத்தார். எனினும் லண்டன் நீதிமன்றம் ஜேம்ஸைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

டப்ளின் வழக்கில் ஜேம்ஸின் தரப்பினர் ஜான் கிஃபர்டு என்பவரைச் சாட்சியாக அழைத்தனர். அவர் பிரபுவுக்கே பல ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர். அக்கொலை வழக்கைப் பிரபுவுக்காக நடத்தியவரும் அவரே. ஜேம்ஸைத் தூக்கிலிடச் செய்ய முடியுமாயின் பதினாயிரம் பவுன் செலவானாலும் தமக்குக் கவலையில்லை என்று பிரபு தம்மிடம் கூறினார் என்பதே அவர் அளிக்கவந்த சாட்சியம். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் கூறியதை எப்படி வெளியிடலாம் என்று பிரபுவின் தரப்பினர் கடுமையாக எதிர்த்தனர். நீண்ட வாதத்துக்குப் பின் நீதிபதிகள் சாட்சியத்தை ஏற்றனர். அவர்கள் கூறிய காரணங்களின் சாரம் இரண்டு. முதலாவது, வழக்கை நடத்துதற்குத் தேவையாகக் கூறப்பட்ட சொல்லே காப்புக்கு உரியது. பிரபு கூறியது அத்தகையதன்று. இரண்டாவது, ஓர் உயிரை அநியாயமாக வாங்கும் எண்ணத்தை மறைத்து வைப்பது எந்த வழக்கறிஞருக்கும் கடமையாகாது.

சான்றாயர் ஜேம்ஸின் பக்கமே தீர்ப்பளித்தனர். ஆயினும் பிரபு மேலும் மேலும் வழக்காடிக் காலத்தைக் கடத்தினார். பட்டம் கையில் வராமலே 1760இல் ஜேம்ஸ் இறந்தார். மறு ஆண்டில் பிரபுவும் இறந்தார். ஜேம்ஸுக்குப் பயன்படாத அத்தீர்ப்பு சட்டத்துக்குப் பயன்பட்டது. கௌரவம் என்னும் பழைய அடிப்படையை விட்டு, எது காக்கத்தக்கது, எது காக்கத்தகாதது என்று பகுத்தறியும் நெறி அதனால் வலுப்பெற்றது.

கௌரவம் மட்டும் போதாது என்பதை 1776ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் காட்டுகின்றது. கணவர் இருக்கவே மறுமணம் புரிந்ததாகக் கிங்ஸ்டன் சீமாட்டியின் மீது பிரபுக்கள் சபையில் விசாரணை நடந்தது. அவருடைய இரகசியங்களை அறிந்த சீசர் ஹாக்கின்ஸ் என்னும் வைத்தியர், தாம் அறிந்ததைச் சொல்லத் தயங்கினார். நீதிமன்றம் கேட்டால் வைத்தியர் சொல்லியே ஆகவேண்டும் என்று மான்ஸ்ஃபீல்டு பிரபு தெரிவித்தார். பழமொழியில் ஒன்றாக நிற்கும் வைத்தியரும் வக்கீலும் ஆங்கிலச் சட்டத்தில் இங்ஙனம் பிரிந்தனர்.

பென்தமும் புரூமும்

வழக்கறிஞருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? தத்துவ அறிஞர் ஜெரமி பென்தம் 1827இல் வெளிவந்த சாட்சியம் பற்றிய தம் பெருநூலில் இச்சலுகையையே தாக்கினார். குற்றமற்றவன் எதற்கும் அஞ்சவேண்டியதில்லை. ஆதலின் இரகசியக் காப்பு குற்றவாளிக்கே துணை என்பது அவர் வாதம்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1833இல், கிரீனோ என்பவருக்கும் காஸ்கெல் என்பவருக்கும் நடந்த வழக்கில் நீதித்துறைத் தலைவர் புரூம் பிரபு வேறொரு காரணத்தை நாட்டினார். வழக்கறிஞர் தொழிலுக்குத் தனிப் பெருமை தருவதற்காக இவ்விதி ஏற்படவில்லை என்று அவர் கூறினார். சட்டம் சிக்கலானது, அதனைக் கற்றவர் துணையின்றி நீதி நடவாது. அத்துணையை நாடுவோர் அஞ்சி அஞ்சிப் பாதி உண்மையைக் கூறினால், அத்துணையும் பயனற்றுப் போகும். ஆகவே இக்காப்பு நீதியின் பொருட்டே உள்ளது என்பது அவர் முடிவு. குற்றமற்றவனும் அஞ்சுவான் என்பதைப் பென்தம் மறந்தார் என்றே சொல்லவேண்டும். எழுத்தறியாத ஏழை, தனக்கு எது சாதகம் எது பாதகம் என்று பிரித்தறிய மாட்டான். அனைத்தையும் கொட்டினால்தான் அவனுக்கு நல்வழி காட்ட முடியும்.

ஸ்டீபன் வகுத்த சட்டம்

தீர்ப்புகளில் சிதறிக்கிடந்த இந்நெறியைச் சில வரிகளுக்குள் அடக்கியவர் சர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இந்திய அரசப் பிரதிநிதியின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்த அவர், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வகுத்தார். அதன் 126ஆம் பிரிவு, கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதமின்றி அவர் கூறியதையோ, அவருடைய பத்திரங்களில் உள்ளதையோ, தாம் அவருக்கு அளித்த ஆலோசனையையோ வழக்கறிஞர் வெளியிடலாகாது என்றது. வழக்கு முடிந்த பின்னும் இக்கடமை முடிவதில்லை என்றும் விளக்கியது.

அப்பிரிவில் உள்ள உதாரணங்கள் பள்ளி மாணவரும் உணரும் வண்ணம் அமைந்தவை. தான் கள்ளப் பத்திரம் எழுதிவிட்டதாகவும் தனக்காக வாதாடவேண்டும் என்றும் ஒருவன் கூறினால், அது காப்புக்கு உரிய இரகசியம். கள்ளப் பத்திரத்தைக் கொண்டு ஒரு சொத்தைக் கைப்பற்ற வழக்குத் தொடுக்கவேண்டும் என்று கூறினால், அது காப்புக்கு உரியதன்று. நடந்த குற்றத்துக்கு வாதம் உண்டு. நடக்கப்போகும் குற்றத்துக்கு இரகசியம் இல்லை.

ஸ்டீபன் பின்னர் இங்கிலாந்தில் நீதிபதியானார். 1884இல் காக்ஸ், ரெயில்டன் என்ற இருவரின் வழக்கில் தீர்ப்புரைத்தவரும் அவரே. கடன் கொடுக்காமல் தப்புதற்காக முன்தேதியிட்டுப் பத்திரம் எழுதிய அவ்விருவரும், அதன் முன்னர் ஒரு வழக்கறிஞரிடம் வழி கேட்டிருந்தனர். அவர் சாட்சியம் ஏற்கப்பட்டது. மோசடிக்குத் துணை தேடுவது வழக்கறிஞர் தொழிலின் எல்லைக்குள் வராது என்று தீர்ப்பாயிற்று.

மொழிபெயர்ப்பாளரும் குமாஸ்தாவும்

இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி 1893இல் நீரிணைக் குடியேற்றங்களில் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூரின் இன்றைய சட்டம் அதன் வழிவந்தது. மலேசியாவில் 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், ஸ்டீபன் இட்ட அதே எண்களுடன் 126 முதல் 129 வரையிலான பிரிவுகளில் இந்நெறியைக் கூறுகின்றது. இந்தியாவிலோ 2024 ஜூலை முதல் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. எனினும் இக்காப்பு நீங்கவில்லை.

நம்மவர் குறிப்பாக அறியவேண்டியது 127ஆம் பிரிவு. வழக்கறிஞருக்குள்ள அதே கடமை அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கும், குமாஸ்தாவுக்கும், வேலையாட்களுக்கும் உண்டு என்று அது கூறுகின்றது. ஆங்கிலம் அறியாத தோட்டப் பாட்டாளி ஒருவர் வழக்கறிஞர் அலுவலகத்துக்குச் சென்றால், அவர் பேச்சை முதலில் கேட்பவர் தமிழறிந்த குமாஸ்தாவே. குடும்பச் சச்சரவு, கடன், காயம், கூலிப் பாக்கி ஆகிய யாவும் அவர் காதின் வழியாகவே வழக்கறிஞரைச் சென்றடையும். அக்குமாஸ்தாவின் வாய்க்குக் கட்டு இல்லையெனில், வழக்கறிஞரின் வாயைக் கட்டி என்ன பயன்? பல மொழி பேசும் நாடுகளுக்கு இப்பிரிவு உயிரனையது.

காப்பின் விலை

இந்நெறிக்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. 1982இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஓர் உணவுக்கடைக் காவலாளியின் கொலைக்காக ஆல்டன் லோகன் என்பவர் கைதானார். பின்னர் ஆயுள் தண்டனை பெற்றார். அக்கொலையைச் செய்தவன் தானே என்று வேறொரு கைதி தன் வழக்கறிஞர் இருவரிடம் ஒப்புக்கொண்டான். அவர்கள் அதனை எழுதிக் கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, பூட்டிய பெட்டிக்குள் வைத்தனர். கட்சிக்காரனின் சம்மதமின்றி வெளியிட அவர்களால் இயலவில்லை. தான் இறந்த பின் வெளியிடலாம் என்று மட்டும் அவன் சம்மதித்திருந்தான். அவன் 2007இல் இறந்தான். 2008இல் பெட்டி திறந்தது. லோகன் சிறையில் கழித்த ஆண்டுகள் இருபத்தாறு. மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் பேசியிருப்போம் என்று அவ்வழக்கறிஞர்கள் பின்னர்க் கூறினர்.

இதனைப் படிப்பவர் உள்ளம் பதறாமலிராது. இத்தகைய வேளையில் நெறியைத் தளர்த்தலாகாதா என்று கேட்பது இயல்பே. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1995ஆம் ஆண்டு ஒரு கொலை வழக்கில் இதனை ஆராய்ந்து, தளர்த்த மறுத்தது. வழக்குக்கு வழக்கு நிறுத்துப் பார்த்து முடிவு செய்வதாயின், வாய் திறக்கும் வேளையில் எந்தக் கட்சிக்காரருக்கும் உறுதி இராது. உறுதி இல்லாத இடத்தில் உண்மையும் வராது என்பது அதன் கருத்து. கௌரவத்தில் தொடங்கிய உரிமை, இவ்வாறு முழுமையாகக் கட்சிக்காரரின் உரிமையாயிற்று. அதனை விட்டுக்கொடுக்க வல்லவர் அவர் ஒருவரே.

காகிதமும் கணினியும்

நிற்க. மேற்கூறிய சட்டமெல்லாம் நீதிமன்றத்தில் பேசாதிருப்பதைப் பற்றியது. பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருப்பது வேறு. முற்காலத்தில் கட்சிக்காரரின் பெயரெழுதிய தகரப் பெட்டிக்கும் ஒரு சாவிக்கும் அவ்வேலை அடங்கியது. இன்று ஆயிரம் பெட்டிகள் ஒரு கணினிக்குள் அடங்குகின்றன. களவும் அவ்வளவு எளிதாயிற்று. 2016இல் பனாமா நாட்டு வழக்கறிஞர் நிலையம் ஒன்றிலிருந்து ஒரு கோடியே பதினைந்து லட்சம் ஆவணங்கள் வெளியாயின. செல்வர்கள் ஒளித்த சொத்துகள் பல அவற்றால் வெளிப்பட்டன; அந்நிலையமும் 2018இல் மூடப்பட்டது.

மலேசியாவில் 2010இலும் சிங்கப்பூரில் 2012இலும் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டங்கள் இவ்விரண்டாவது கடமையை வலியுறுத்துகின்றன. தகவலைத் தேவைக்கு மேல் வாங்கலாகாது, வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது, பாதுகாப்பின்றி வைக்கலாகாது, தேவை முடிந்த பின் வைத்திருக்கலாகாது. பெருந்தகவல் களவுபோனால் உரிய அதிகாரிகளிடம் அறிவிப்பதும் சிங்கப்பூரில் 2021 முதலும் மலேசியாவில் 2025 முதலும் கட்டாயமாயிற்று.

வழக்கறிஞரை நாடிச் செல்லும் நம் மக்கள் இவ்வரலாற்றிலிருந்து அறியவேண்டியவை சிலவே. அவரிடமும் அவர் குமாஸ்தாவிடமும் உள்ளதை உள்ளவாறு கூறலாம். அதனைக் காப்பது அவர்கள் செய்யும் தயவு அன்று, சட்டம் விதித்த கடமை. அடையாள அட்டையின் நகலும் வங்கிக் கணக்கும் எதற்காகக் கேட்கப்படுகின்றன, எங்கே வைக்கப்படுகின்றன என்று கேட்கவும் உரிமை உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்த இந்த உரிமை, பிரபுக்களின் சண்டையில் வலுப்பெற்றதாயினும், அதனால் பெரும்பயன் அடையவேண்டியவர் எளியோரே. அவர்கள் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.