மின்தூக்கி நின்றால் யாரிடம் போவது? அடுக்குமாடி நிர்வாகமும் அதற்குத் துணைநிற்கும் அமைப்புகளும்

தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்வார்கள். ஆள் வருவாரா, எப்போது வருவார் என்பது வேறு கதை. ஆனால் வீடு கம்பெனியுடையது, பழுதும் கம்பெனியுடையது என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு நம்மவர்களில் பலர் குறைந்த விலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தனர். வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனோம் என்ற மகிழ்ச்சி இருந்தது. மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, கூரை, படிக்கட்டு விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொந்தக்காரர் ஆகிவிட்டோம் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. ஏழாவது மாடியில் மூட்டு வலியோடு இருக்கும் பாட்டி கிளினிக்குப் போக முடியாமல் நிற்கும் நாளில்தான் அது தெரியவருகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பி.பி.ஆர். எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாதம் 124 வெள்ளி வாடகைக்கு இருப்பவர்களுக்கு உரிமையாளர் அரசாங்கமோ மாநகர் மன்றமோதான். புகாரையும் அங்கேதான் கொடுக்க வேண்டும். தனியார் மேம்பாட்டாளர் கட்டி, நாம் கடன் எடுத்து வாங்கிய அடுக்குமாடி என்றால் கதையே வேறு. அதை ஆள்வது 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம். 757ஆவது சட்டம் என்பார்கள். 2015 ஜூன் மாதம் நடப்புக்கு வந்தது.

இச்சட்டப்படி, சாவி கொடுத்த 12 மாதங்களுக்குள் மேம்பாட்டாளர் முதல் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அதில் உருவாவதுதான் ஜே.எம்.பி. எனும் கூட்டு நிர்வாக மன்றம். ஸ்ட்ராத்தா பட்டா வந்த பிறகு அதன் இடத்தை எம்.சி. எனும் நிர்வாகக் கழகம் எடுத்துக்கொள்ளும். வீட்டுரிமையாளர்களே தங்களுக்குள் 3 முதல் 14 பேரைச் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். லோரி ஓட்டுநர், தொழிற்சாலை ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். ஒப்பந்தம் பேசவும் கணக்கு வைக்கவும் அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

பணத்தைப் பார்ப்போம். 300 வீடுகள், மாதம் 40 வெள்ளி பராமரிப்புக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் முழுதும் வசூலானால் 12,000 வெள்ளி. பாதிப் பேர் கட்டவில்லை என்றால் 6,000. துப்புரவு, குப்பை, பொது மின்கட்டணம், மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் அதற்குள். கட்டணத்தில் 10 விழுக்காட்டைப் பெரிய பழுதுகளுக்கான சேம நிதிக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். இந்தக் கணக்கில் அது வீட்டுக்கு 4 வெள்ளி, எல்லாரும் கட்டினால் ஆண்டுக்கு 14,400. ஒரு மின்தூக்கியை மாற்ற இலட்சக்கணக்கில் ஆகும். செயற்குழுவைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

நிர்வாகத்தைக் கட்டணம் பெறும் நிறுவனத்திடம் ஒப்படைக்கவும் இடமுண்டு. அப்படிச் செய்தால் அந்த நிறுவனத்தின் பின்னால் பதிவுபெற்ற சொத்து நிர்வாகி இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். அவர்களைப் பதிவு செய்வது எல்.பி.பி.இ.எச். என்ற சட்டப்பூர்வ வாரியம். மதிப்பீட்டாளர், சொத்து முகவர் ஆகியோரும் அதன் கீழேதான் வருகிறார்கள். சட்டத் திருத்தம் 2018 ஜனவரியில் நடப்புக்கு வந்தபோது, அதுவரை பதிவில்லாமல் இத்தொழிலைச் செய்துவந்தவர்களும் பதிவு பெற வழி திறக்கப்பட்டது. வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பெயர் இல்லாதவரிடம் கட்டடத்தின் வங்கிக் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

வாரியம் ஒழுங்குபடுத்தும் அமைப்பு, சங்கம் அல்ல. நிர்வாகிகளுக்கென்று எம்.ஐ.பி.எஃப்.எம். எனும் மலேசிய சொத்து, வசதி நிர்வாகிகள் கழகமும், பி.எம்.ஏ.எம். எனும் மலேசியக் கட்டட நிர்வாகச் சங்கமும் இருக்கின்றன. தொழில் தரம், பயிற்சி, அரசாங்கத்திடம் தொழிலின் குரல் ஆகியவை இவற்றின் வேலை. வீடு வாங்கியவர் பக்கம் நிற்பது எச்.பி.ஏ. எனும் தேசிய வீடு வாங்குவோர் சங்கம். இலாப நோக்கமில்லாத அந்த அமைப்பைத் தொண்டர்கள் நடத்துகிறார்கள். ரெஹ்டா என்பது மேம்பாட்டாளர்களின் சங்கம். பெயரைக் கேட்டு அங்கே போய் நிற்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொழில்முறை உலகம் பெரும்பாலும் கொண்டோமினியத்தை நோக்கியே இருக்கிறது. மாதம் 6,000 வெள்ளி வசூலாகும் கட்டடம் எந்த நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுக்கும்? அதிகம் உதவி தேவைப்படும் இடத்துக்குத்தான் உதவி கடைசியாக வருகிறது.

அதனால் குறைந்த விலை அடுக்குமாடிகளுக்கு அரசாங்க நிதிதான் உண்மையான கைத்தடி. வீடமைப்பு அமைச்சு, மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, கூரை போன்ற பழுதுகளுக்குப் பராமரிப்பு நிதி வைத்திருக்கிறது. பினாங்கில் டி.பி.எம்.80பி.பி. என்ற மாநிலத் திட்டம் உண்டு. பெயரிலேயே இருப்பதுபோல் செலவில் 80 விழுக்காடு வரை மாநிலம் ஏற்கும்; மிச்சத்தைக் குடியிருப்பாளர்கள் போட வேண்டும். சிலாங்கூரில் சாயம் பூசுதல் உள்ளிட்ட வேலைகளுக்கு ஸ்கிம் செரியா இருக்கிறது. இவற்றுக்கு விண்ணப்பிக்க முறையான நிர்வாக மன்றமும் கூட்டக் குறிப்பும் ஒழுங்கான கணக்கும் இருந்தால்தான் வேலை சுலபமாக நடக்கும். மன்றம் செயலிழந்த கட்டடத்தில் விண்ணப்பத்தில் கையெழுத்திடக்கூட ஆள் இருக்காது.

அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் சி.ஓ.பி. எனும் கட்டட ஆணையர். அலுவலகம் உங்கள் ஊராட்சி மன்றத்திலேயே இருக்கிறது. நிர்வாகம் சரியில்லாத கட்டடத்துக்கு நிர்வாக முகவரை நியமிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. வாய்ப்பேச்சாக இல்லாமல் தேதியும் படமும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள்.

தகராறு முற்றினால் ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதவு இரு பக்கமும் திறக்கும்: கட்டணம் கட்டாதவரை நிர்வாகமும் அங்கே இழுக்கலாம். பாக்கிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம், பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். எழுத்து அறிவிப்புக்குப் பிறகும் கட்டாதது குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதமோ சிறையோ உண்டு. “மின்தூக்கி ஓடவில்லை, அதனால் கட்ட மாட்டேன்” என்பது நியாயமாகத் தோன்றலாம், ஆனால் சட்டத்தில் அது எடுபடாது.

அடிக்கடி வரும் இன்னொரு சண்டை, மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு ஒழுகுவது. வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை பழுது மேல்வீட்டில்தான் என்று விதிமுறை எடுத்துக்கொள்கிறது. புகார் கிடைத்து 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். மேல்வீட்டுக்காரரிடம் சத்தம் போடுவதைவிட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது வேகமான வழி.

பொதுக்கூட்ட அறிவிப்பு குறைந்தது 14 நாளுக்கு முன் வர வேண்டும். கூட்டத்துக்கு 7 நாள் முன்வரை பாக்கியைத் தீர்க்காதவருக்கு ஓட்டு இல்லை. ஒருவர் ஒரே ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பதிலாளாக வரலாம். கட்டுக்கட்டாகக் கையெழுத்து வாங்கி வருவது செல்லாது. வரவேண்டியவர்களில் பாதிப் பேர் வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்திவிடலாம். பத்துப் பேர் வந்தால் அந்தப் பத்துப் பேரே முடிவெடுப்பார்கள்.